பொருத்தம்

பொருத்தம் என்ற சொல்லை எமது மக்கள் கையாளும் விதம் வெளியூர்த் தமிழர் சிலரைத் தடுமாற வைப்பதுண்டு. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் உறவினர் வீட்டு வாசல்களில் நின்று, "ஏதும் பிழை உட்டிருந்தா பொருந்திக்கங்க" என்கிறார். ஜனாஸாவைத் தூக்குமுன் குடும்பத்தார் எழுந்து, மரணித்தவருக்காக அதே பொருத்தத்தை ஊரிடம் கேட்கிறார்கள். அல்லாஹ்வின் பொருத்தம் என்று சொல்லும்போது அவனது திருப்தியைக் குறிக்கிறோம். காணி வாங்கி விற்கையில் இரு தரப்பின் பொருத்தத்தையும் கேட்டுக்கொள்கிறோம். அங்கே அது சம்மதம். தச்சனிடம் போனால் அச்சொல் மூட்டாகிவிடுகிறது. நிலையும் கதவும் பொருந்த வேண்டும். மன்னிப்பு, திருப்தி, சம்மதம், மூட்டு ஆகிய நான்கையும் ஒரே சொல் சுமந்து திரிகிறது.

இந்நான்கும் ஒன்றுக்கொன்று உறவுள்ளவைதாமா என்று யோசிக்க எனக்கு வாய்த்த இடம் சற்றுச் சிறுபிள்ளைத்தனமானது: பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் கார் மாதிரி. இலக்கியச் சஞ்சிகையில் விளையாட்டுச் சாமானுக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்கள் இரண்டொரு பக்கம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எமது வாவிக்கரை ஊர்க் கடைகளில் இந்தப் பெட்டிகளைக் காண்பது அரிது. வளைகுடா நாடுகளில் உழைப்பவர்கள் பிள்ளைகளுக்காக வாங்கி வந்தால்தான் உண்டு. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்துத் தமியா, பிரித்தானியாவின் ஏர்பிக்ஸ் போன்ற நிறுவனங்கள் பல தசாப்தங்களாக இவற்றைச் செய்து வருகின்றன. அசல் காரின் இருபத்து நாலில் ஒரு பங்கு என்பது வழமையான ஓர் அளவு. பெட்டியைத் திறந்தால், கிளையில் காய் தொங்குவதுபோல் பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டுகள் தொங்கும். வெட்டி எடுத்து, அரம் போட்டு, பசை பூசி, வர்ணம் அடித்து நாமே காராக்க வேண்டும். மேற்கூடு பெரும்பாலும் ஒரே வார்ப்பு. அதற்குள் ஆசனங்கள் பொருந்திய தொட்டி ஒன்று, அதற்குக் கீழே அடிச்சட்டம், பிறகு கண்ணாடி, சில்லு, விளக்கு.

படத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். கையில் எடுத்தால் பொருந்தாது. இதில் யாருடைய சதியும் கிடையாது. உருகிய பொலிஸ்டைரீனை உருக்கு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். குளிரும்போது அது சிறிது சுருங்குகிறது. தடித்த இடம் ஆறுதலாகவும் மெல்லிய இடம் விரைவாகவும் குளிர்வதால் சுருக்கம் ஒரே சீராக அமைவதில்லை. ஓரிடத்தில் குழி விழுகிறது, இன்னோரிடத்தில் பக்கச்சுவர் உள்ளே வளைகிறது. அச்சு செய்வது பெருஞ்செலவு என்பதால் ஒரே அச்சைப் பல்லாண்டுகள் பாவிக்கிறார்கள். தேய்ந்த அச்சின் விளிம்பால் பிளாஸ்டிக் கசிந்து மெல்லிய சவ்வாக நிற்கும். அரை மில்லிமீற்றர் இடைவெளி ஒரு பெரிய காரியமா என்று கேட்கலாம். இருபத்து நாலால் பெருக்கிப் பாருங்கள், பன்னிரண்டு மில்லிமீற்றர். அசல் காரின் கதவிடுக்கில் விரல் நுழையும் அளவு!

என் மருமகன் ஒருவன், பதின்மூன்று வயது, வாப்பா டோஹாவிலிருந்து கொடுத்தனுப்பிய பெட்டியோடு ஒரு விடுமுறை நாளில் என்னிடம் வந்தான். மேற்கூட்டின் முன்பக்கம் அடிச்சட்டத்தில் அழகாக அமர்ந்தது. பின்பக்கம் இரண்டு மில்லிமீற்றர் தூக்கிக்கொண்டு நின்றது.

"அமத்திப் பிடிச்சா இருக்குது மாமா. கம்மப் போட்டு, றப்பர் பேண்டால இறுக்கி ஒரு ராவைக்கு வெச்சா சரிதானே?"

"அமத்தாம அது ஏன் இரிக்கிதில்ல எண்டு முதல்ல பார்ப்பம் மகன்."

அவன் சொன்ன வழி உலகம் முழுவதும் கையாளப்படுகிற வழிதான். பெரும்பாலானோர் முதலில் அதைத்தான் செய்வார்கள். காலையில் றப்பரைக் கழற்றினால் கார் கச்சிதமாகத் தெரியும். பிரச்சினை அதற்குப் பிறகுதான் வருகிறது. வளைத்து ஒட்டிய பிளாஸ்டிக் தன் வளைவை மறப்பதில்லை; இழுவிசை உள்ளேயே நிற்கிறது. பசை என்பது ஒரு கரைப்பான், இரண்டு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்குவது. இழுவிசையில் நிற்கும் இடத்தில் அது பட்டால் வெடிப்புக்கு வழி பிறக்கிறது. ஒரு வெயில் காலம் கழிந்தபின் மூட்டுவழியே கோடு விழும். சில வேளை மூட்டு தாங்கிக்கொள்ளும், அதற்குப் பதிலாகக் கூரைத் தூண் முறியும். நாம் அழுத்திய இடத்தில்தான் உடைய வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் பசையைத் தொடுமுன் எல்லாத் துண்டுகளையும் வெறுமனே வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு தடவை போதாது, பத்துத் தடவை. எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு விளிம்பில் பென்சில் கரியைத் தேய்த்து, மற்றத் துண்டை மெல்ல வைத்து எடுத்தால் முட்டும் இடத்தில் கரி ஒட்டியிருக்கும். கதவு பூட்டும் தச்சர்களும் இப்படித்தான் சோக்கையோ கரியையோ பூசிப் பார்ப்பார்கள். இந்தச் சோதனையில் ஒரு விநோதம் உண்டு. இடைவெளி தெரியும் இடமும் குற்றம் இருக்கும் இடமும் அநேகமாக வேறுவேறு. மருமகனின் காரில் தூக்கிக்கொண்டு நின்றது பின்பம்பர் பக்கம். கரி பட்டிருந்ததோ உள்ளே, ஆசனத் தொட்டியின் அடியில், சட்டத்திலிருந்து வெட்டியபோது மிஞ்சிய ஒரு முளையில். பயறளவுகூட இராது. அதை அரத்தால் நீவியதும் பாதிப் பிணக்குத் தீர்ந்தது. மீதி, பக்கச்சுவரின் வளைவு. கை பொறுக்காத சூட்டு நீரில் சற்று நேரம் பிடித்து, மெல்ல விரித்து, அப்படியே குளிர விட்டோம். சூடு உள்ளே இருந்த இழுவிசையைத் தளர்த்திவிடுகிறது. அதன்பின் அழுத்தாமலே அமர்ந்தது.

அழுத்தாமல் அமர்வது: நான்கு அர்த்தங்களுக்கும் நடுவில் இருப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது. கையை எடுத்த பின்னும் துண்டு தன்பாட்டில் அங்கே இருந்தால் மூட்டு. மிரட்டல் நீங்கிய பின்னும் ஒருவர் அதே சொல்லில் நின்றால் சம்மதம். ஊர் பார்க்கச் சொன்ன "பொருந்திக்கிட்டன்" என்பதை மனம் தனிமையிலும் சொன்னால் மன்னிப்பு. கை இருக்கும்வரை நிற்பதை இறுக்கம் என்று சொல்லலாம், பொருத்தம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இனி இரண்டாவது கேள்வி, கொஞ்சம் கடினமானது. இரண்டு துண்டுகள் முட்டினால் எதைச் சீவுவது? மாதிரி செய்கிறவர்களிடம் இதற்குத் தெளிவான விதி உண்டு. வெளியே தெரியாததைச் சீவு, மென்மையானதைச் சீவு, பாழானால் மாற்றக்கூடியதைச் சீவு. மேற்கூட்டைத் தொடாதே, ஏனெனில் அதில்தான் வடிவம் இருக்கிறது. பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை இதைவிடச் சிறந்த விதி இல்லை.

இதே விதியை நாம் மனிதர்மீதும் பிரயோகித்து வருகிறோம் என்பதுதான் சங்கடம். எமது கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழமை. இடம்பெயர்ந்து புதிய சூழலுக்குள் வருகிறவன் ஆண். அப்படியானால் தன்னைச் சீவிக்கொள்ள வேண்டியவனும் அவன்தானே? ஆனால் பிணக்கு வந்தால் உம்மாவும் மூத்தம்மாவும் பெண்ணின் காதில்தான் "நீதான் மகள் பொருந்திப் போகணும்" என்று ஓதுகிறார்கள். வெளியே தெரியாதவள், மென்மையானவள். மூன்றாவது காரணத்தை எழுதக் கை கூசுகிறது. எழுதாமலே வாசகர் அறிவர். கூலிக்காரன் முதலாளியோடும், சிறிய ஊர் பெரிய ஊரோடும் பொருந்துவதும் இந்த அரத்தால்தான். தொட்டியின் அடிப்பாகத்தைச் சீவுவதில் எந்த அநியாயமும் இல்லை, தொட்டிக்கென்று ஒரு வடிவ விருப்பம் கிடையாது. மனிதரில் சீவப்படுகிறவருக்கும் ஒரு மேற்கூடு இருக்கிறது. நாம் பார்க்கும் கோணத்தில் அது தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். துண்டுகளிடம் சம்மதம் கேட்க முடியாத இடத்தில் பிறந்த விதியைச் சம்மதம் கேட்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுவந்தால் அது விதியாக இராது, வசதியாகிவிடும்.

சீவியும் சூடாக்கியும் தீராத இடைவெளி எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். அங்கேதான் பட்டி வருகிறது. காய்ந்ததும் சாண்ட் பேப்பரால் தேய்த்து வர்ணம் அடித்தால் மூட்டு இருந்த இடமே தெரியாது. மலிவான பட்டி காயும்போது சுருங்கும், ஆகவே ஒரே தடவையில் அப்பாமல் மெல்லிய படைகளாகப் பூச வேண்டும். அகன்ற இடைவெளியாயின் முதலில் பிளாஸ்டிக் கீற்று ஒன்றைச் செருகி, மயிரிழையளவு மிஞ்சுவதற்கு மட்டுமே பட்டி. கைதேர்ந்தவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். துண்டுகள் தொங்கிய அந்தச் சட்டத்தை நாம் குப்பையில் போடுவோமே, அதைப் பொடியாக வெட்டிப் பசைப் போத்தலில் கரைத்துக் கூழாக்கி, அதையே நிரப்பியாகப் பயன்படுத்துகிறார்கள். அதே பிளாஸ்டிக் என்பதால் காய்ந்தபின் நிரப்பியும் காரும் வேறுவேறாக இருப்பதில்லை.

பட்டி பூசுவது பொய்யா? சுத்தம் பேசுகிற சிலர் ஆம் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. அலுமாரியில் வைத்துப் பார்க்கச் செய்த மாதிரிக் காரில் மூட்டு மறைவதுதான் வேலையின் நோக்கம். பார்க்கிறவரும் அதை அறிந்தே பார்க்கிறார். அங்கே யாரும் ஏமாறுவதில்லை. அதே பட்டி கராஜுக்குப் போனால் கதை மாறுகிறது.

2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்படும்வரை பழைய வாகனங்கள் பொன் விலைக்குப் போயின. மோதி நசுங்கியவையும் உக்கிப்போனவையும் டிங்கர் பாஸ்மாரின் கையால் மறுபிறவி எடுத்தன. நல்ல பாஸ் நசுங்கிய தகட்டைத் தட்டி மட்டத்துக்குக் கொண்டுவந்து, உக்கியதை வெட்டி எறிந்து, புதுத் தகடு ஒட்டி, கடைசியில் கடதாசிக் கனத்துக்குப் பட்டி இழுப்பார். மற்றவகைப் பாஸ் பள்ளத்தை விரற்கனத்துக்குப் பட்டியால் நிரப்பி, மேலே வர்ணம் அடித்து மினுக்குவார். ஆகவேதான் விஷயம் தெரிந்தவர்கள் கார் பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் கொண்டுபோகிறார்கள். துணி சுற்றிய காந்தம் தகட்டில் ஒட்டும். கனத்த பட்டிமீது வழுகி விழும். பட்டிக்கடியில் துரு நிற்பதில்லை என்பது இன்னொரு சங்கதி. ஈரம் அகப்பட்டுக்கொள்வதால் அது முன்னைவிட வசதியாக வளர்கிறது.

தானியம் விற்றவரின் குவியலுக்குள் நபிகளார் (ஸல்) கைவிட்டு ஈரத்தைக் கண்ட சம்பவம் எல்லோருக்கும் தெரியும். மழை பட்டுவிட்டது என்று வியாபாரி சொன்னார். மழைக்கு அவர் பொறுப்பில்லை. ஈரத் தானியம் விற்பதும் தடுக்கப்படவில்லை. ஈரத்தை மேலே வைத்திருந்தால் வாங்குகிறவர் கண்டிருப்பார், அதன்பின் விலை பேசியிருப்பார். கேட்கப்பட்டது அவ்வளவுதான். குறை மறைக்கப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் கியாருல் ஐப் என்று தனியாகப் பேசுவதும் இதனால்தான். குறையைக் காணாமல் கொடுத்த சம்மதம் பொருத்தமாகாது. தகட்டின் பள்ளத்தைப் பட்டி நிரப்புகிறது. அந்த இடத்தைச் சொல்லாமல் விற்கும்போது வாங்குகிறவரின் பொருத்தத்தில் ஒரு பள்ளம் விழுகிறது.

காரில் போவது காசு. படகில் போவது உயிர். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எமது கரைக்கு வந்த கண்ணாடியிழைப் படகுகளை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கல்லடி, நாவலடி தொடக்கம் தெற்கே நீண்ட கரையெங்கும் தோணியும் படகும் இழந்தவர்களுக்காக எத்தனையோ அமைப்புகள் அவசரமாகப் படகு செய்வித்துக் கொடுத்தன. அவற்றில் பல தரங்குறைந்தவை என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு எச்சரிக்க வேண்டி வந்தது. கண்ணாடியிழைப் படகும் அச்சில் பிறப்பதே. வெளிப்படையாகப் பூசும் வர்ணக்கூழ் பளபளவென்று இருக்கும். உள்ளே இழை எத்தனை படை, பிசின் சரியாக ஊறியதா, மூட்டு பிடித்ததா என்பதை அந்தப் பளபளப்பு சொல்லாது. கடலுக்குப் போகிறவன் அதைக் கடலில்தான் அறிவான். இலவசமாகக் கொடுத்ததில் குறை சொல்லலாமா என்று அன்று சிலர் கேட்டார்கள். கொடுத்தவர் காசு வாங்கவில்லை என்பது மெய். ஆனால் வாங்கியவன் தன் உயிரை அதில் ஏற்றுகிறான். அந்த விலைக்கு முன்னால் எந்தப் படகும் இலவசமில்லை.

பட்டியைப் பற்றி இவ்வளவு சொன்னபின் எமது பிரதேசத்தில் மேடைக்கு மேடை பூசப்படும் ஒரு பட்டியைப் பேசாமல் விட்டால் நேர்மையாக இராது. தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்ற உவமை அழகானது. குழலுக்குள் மாவும் பூவும் அடுக்கடுக்காய் இருந்து ஒரே ஆவியில் வேகின்றன, ஒட்டும் பசையும் இல்லை. ஒரு காலத்தில் அது வர்ணனை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களும், சில நாட்களில் ஏறாவூரில் உறக்கத்தில் இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், செப்டெம்பரில் சத்துருக்கொண்டான். அதன்பின் அந்த உவமை மேடையில் சொல்லப்படும்போதெல்லாம் எனக்குக் காந்தம் நினைவுக்கு வருகிறது. இரு தரப்பிலும் துருவை வெட்டியெடுக்கும் வேலையைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அநேகமாக அவர்கள் மேடையில் இல்லை. ஒருவரது ஜனாஸாவுக்கும் மற்றவரது செத்தவீட்டுக்கும் போய்வந்த சந்தை வியாபாரிகளும், வயல் பங்காளிகளும், வாத்திமாரும் அவர்கள். அவர்கள் எடுத்துவைத்த துண்டுகள் அந்தச் சட்டத்துக் கூழைப்போல இந்த மண்ணுக்குரியவை. உவமையை இதற்குமேல் இழுப்பது முறையல்ல, மனிதர் பிளாஸ்டிக்குமல்லர் தகடுமல்லர்.

நிரப்பியை மறைக்காமல் நிரப்புவதற்கு என்னிடம் உள்ள நல்ல உதாரணம் ஓர் அசல் கார், அதுவும் நாம் எல்லோரும் அறிந்த கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்னர், உற்பத்திக்கு எல்லாம் ஆயத்தமான நிலையில், கார் ஒடுங்கலாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாட்டில் நடுவால் அறுக்கச் சொல்லி, இரண்டு பாதிகளையும் மெல்ல விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியபோது கண்ணுக்குச் சரியாக இருந்தது. அந்த நான்கு அங்குலத்தை என்ன செய்வது? எஞ்சின் மூடியின் நடுவே தட்டையான ஒரு பட்டையைச் சேர்த்தார்கள். பம்பர்கள் ஏற்கெனவே பழைய அகலத்துக்குச் செய்யப்பட்டிருந்தன. அவற்றை இரண்டாக வெட்டி நடுவில் தகடு வைத்து இணைத்தார்கள். எதையும் பூசி மறைக்கவில்லை. அந்தப் பட்டையே அக்காரின் முக அடையாளமாயிற்று. பதினாறு இலட்சம் அளவில் செய்யப்பட்ட அத்தனை கார்களும் தம் முகத்தில் அந்த விரிவைச் சுமந்துகொண்டு ஓடின.

இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1977க்கு முந்திய காலத்தில் எமது பாஸ்மார் அந்தக் கார்களை உயிரோடு வைத்திருந்தார்கள். அந்தக் கைப்பழக்கத்தால்தான் 1990களில் மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாயின. பிறந்த வீட்டுக்கு உறுப்பு அனுப்பிய நாடு என்று பெருமைப்பட இதில் கொஞ்சம் இடமிருக்கிறது.

ஏர்பிக்ஸ் நிறுவனம் மொறிஸ் மைனரையும் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்தது. பழைய பெட்டிகள் இப்போதும் எங்காவது கைமாறுகின்றன. யாருக்காவது கிடைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதிரிக் கார் செய்கிறவர்கள் முதல் வேலையாக அச்சு விட்டுச் சென்ற கோடுகளையெல்லாம் சுரண்டி மட்டமாக்குவார்கள். மட்கார்டின்மேல் ஓடும் கோட்டைச் சுரண்டலாம், கூரை ஓரத்துக் கோட்டையும் சுரண்டலாம். எஞ்சின் மூடியின் நடுவில் நெடுக ஓடும் தட்டைப் பட்டையில் மட்டும் அரம் படக்கூடாது. அது அசல் காரிலேயே உள்ளது.